ரிப்போர்ட் நார்மல், மறுமாதம் மாரடைப்பு: நடுவயதில் பிழைப்பது எதைப் பொறுத்தது?

2021 ஜனவரி முதல் வாரம், வீட்டில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சௌரவ் கங்குலிக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது. அடைபட்ட தமனிக்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நடிகர் விவேக் 59 வயதில் போனார். அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார், 46. மூவருமே உடம்பைப் பேணுகிறவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். அதற்குப் பிறகு சேலத்தில் எந்தத் துக்க வீட்டில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "போன மாசம்தான் மாஸ்டர் செக்கப் பண்ணினாரு, எல்லாமே நார்மல்னு சொன்னாங்க. எப்படிங்க இது?"

நியாயமான கேள்விதான். நார்மல் என்று வந்த ரிப்போர்ட் பொய் இல்லை, அதற்குப் பிறகு வந்த அட்டாக்கும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே உடம்பில் நடக்கின்றன என்பது புரிந்தால், பிழைப்பவர்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்பதும் புரியும். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியது, டாக்டருக்குக் கைராசி உண்டா என்றெல்லாம் பேசுகிறோம். உண்மையில் பெரும்பகுதியை முடிவு செய்வது, முதல் வலிக்கும் முதல் ஈசிஜிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கரைந்தது என்பது. சேலம் டவுனில் இருப்பவருக்கும் ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவருக்கும் அந்தக் கணக்கு வேறு வேறு. எப்போதும் டவுன்காரருக்கே சாதகம் என்றும் சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது என்ன

இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் அதன் சொந்தத் தசைக்கு வேண்டிய ரத்தம், அதன் மேலே படர்ந்து ஓடும் தமனிகள் வழியாகத்தான் போக வேண்டும். முக்கியமானவை மூன்று. தொடங்கும் இடத்தில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். இவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிவது பலருக்கு இருபதுகளிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் தமனி முழுசாக அடைத்துக்கொள்ளும், அதுதான் அட்டாக் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. படிவுகளில் இரண்டு வகை உண்டு.

1. கெட்டியானவை. இவை தமனியை மெதுவாகக் குறுக்கும். குறுக்கம் 70 சதவீதத்தை நெருங்கும்போது மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கும், நின்றால் சரியாகும். இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். ட்ரெட்மில் டெஸ்ட் பிடிப்பது பெரும்பாலும் இந்த வகையை.

2. மெத்தென்றவை. உள்ளே கொழுப்பு, மேலே பாலாடை மாதிரி ஒரு மெல்லிய மூடி. இவை தமனியைப் பாதி அளவுக்குக்கூட அடைத்திருக்காது. ரத்தம் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். வலி கிடையாது, ஈசிஜியில் மாற்றம் கிடையாது, ட்ரெட்மில்லிலும் தேறிவிடுவார்கள்.

ஒருநாள் அந்த மூடி கிழிகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் பட்டதும், காயம் பட்டுவிட்டது என்று உடம்பு தப்பாக எடுத்துக்கொண்டு அங்கே ரத்தத்தை உறையவைக்கிறது. சில நிமிடங்களில் கட்டி தமனியை மூடிவிடும். நேற்று வரை 40 சதவீதமாக இருந்த அடைப்பு இன்று காலை 100 சதவீதம். செக்கப்பில் நார்மல் வந்தவருக்கு மறுமாதம் அட்டாக் வருவது இப்படித்தான். ட்ரெட்மில் இன்றைக்கு ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிறது. அடுத்த மாதம் எந்த மூடி கிழியும் என்று சொல்லும் சோதனை எந்த ஸ்கேன் சென்டரிலும் கிடையாது.

தமனி முழுசாக மூடினால், இருபது முப்பது நிமிடத்தில் தசை சாக ஆரம்பிக்கிறது. இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். ஆறு மணி நேரம் போனால் காப்பாற்றுவதற்குத் தசை கொஞ்சமே மிச்சம் இருக்கும். செத்த இதயத் தசை மறுபடி முளைக்காது, அந்த இடத்தில் தழும்புதான் வரும். நேரம் நேரம் என்று டாக்டர்கள் தலையிலடித்துக்கொள்வது இதனால்தான்.

அட்டாக் வேறு, இதயம் நின்றுபோவது வேறு

செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அட்டாக் என்பது ரத்த ஓட்டத்தில் வரும் கோளாறு. தமனி அடைபடுகிறது, ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், ஆள் பேசுவார், நடக்கக்கூட நடப்பார். இதயம் நின்றுபோவது மின்னோட்டக் கோளாறு. துடிப்பு தாறுமாறாகி ரத்தம் தள்ளுவது நின்றுவிடும், ஆள் சில நொடிகளில் சாய்ந்துவிடுவார்.

அட்டாக்கின் முதல் சில மணி நேரத்தில் இந்த இரண்டாவது ஆபத்து எந்த நிமிடமும் வரலாம். வீட்டிலேயே, வண்டியிலேயே இறப்பவர்களில் பலர் இறப்பது இதனால். அப்படி ஒருவர் சாய்ந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கட்டிலில் இருந்தால் தரையில் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் உள்ளே போகிற அளவுக்கு அழுத்தி விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், எலும்பு பிறகு கூடிவிடும். ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் வந்து சேரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும்.

'எதிர்பாராத' அட்டாக்: யார் எதிர்பார்க்கவில்லை?

நெஞ்சு வலியைப் பற்றி நம்மிடம் இருக்கும் படம் சினிமாவிலிருந்து வந்தது. அறுபது தாண்டிய பெரியவர் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார். நம் ஊர்க் கணக்கு வேறு. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை வைத்து, தெற்காசியர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் அட்டாக்கின் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8, நம் பகுதியில் 53. ஏறக்குறைய ஆறு வருடம் முன்னால். சராசரியே 53 என்றால் நாற்பதுகளில் எத்தனை பேருக்கு வந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

காரணங்களிலும் மர்மம் குறைவுதான். புகை, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, மது. முதல் அட்டாக்கில் பத்தில் ஒன்பது பங்கை இந்தப் பட்டியல் விளக்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. பீடியும் ஹான்ஸும் புகையிலைக் கணக்கில்தான் வரும். தொப்பை பற்றி ஒரு வார்த்தை. கைகால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய உடம்பை நாம் குண்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. இதயத்தைப் பொறுத்தவரை நல்லதில்லாத உடம்பு வாகு அதுதான்.

பட்டியலில் வராத இரண்டு விஷயங்களையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் அட்டாக் வந்திருந்தால் அது உங்கள் ரிப்போர்ட்டின் ஒரு பகுதி, லேப் அதை அச்சடித்துத் தராவிட்டாலும். இன்னொன்று லிப்போபுரோட்டீன்-ஏ. பரம்பரையாக வரும் ஒருவகைக் கொழுப்பு, சாதாரணக் கொலஸ்ட்ரால் டெஸ்டில் தெரியாது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். நாற்பதில் அட்டாக் வந்து, காரணம் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிரிக்கப்பட்ட சிலருக்கு விடை இங்கே இருக்கிறது.

தடுப்பூசிதான் காரணம் என்ற பேச்சையும் தொட்டுவிட்டுப் போகலாம். 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. கொரோனாவில் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் படுத்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தவர்கள், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிக் குடித்தவர்கள் அல்லது கடுமையாக உடலை வருத்தியவர்கள் ஆகியோருக்கே கூடியிருந்தது.

நேரம் எங்கே போகிறது

அட்டாக் வந்து மருத்துவமனைக்கு வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய நோயாளிகளின் பதிவேடு ஒன்று 2008-ல் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்க ஆன நேரத்தில் நடு அளவு 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். வந்த பிறகு கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். ஆஸ்பத்திரியில் லேட் பண்ணிவிட்டார்கள் என்று நாம் சண்டை போடுவது இந்த 50 நிமிடத்துக்காக. அதுவும் அதிகம்தான், 30-க்குள் போட வேண்டும். ஆனால் அந்த 360?

அது போகும் இடங்கள் இவை.

1. 'வாயு' என்று முடிவு கட்டுவது. இதுதான் பெரிய தின்னி. இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் அட்டாக் மேல்வயிற்றில் எரிச்சலாக, குமட்டலாக, ஏப்பமாகத் தெரியலாம். முந்தின நாள் ராத்திரி பரோட்டா சாப்பிட்டிருப்போம், காரணமும் கையோடு கிடைத்துவிடுகிறது. ஜெலுசில், சோடா, ஓமவாட்டர், பெருங்காயம், பூண்டு என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் அவகாசம் கொடுக்கிறோம். ஏப்பம் வந்ததும் கொஞ்சம் லேசான மாதிரி இருக்கும், அதுவே சாட்சியாகிவிடும்.

2. விடியட்டும் என்று காத்திருப்பது. அட்டாக் அதிகமாக வருவது விடியற்காலையிலும் காலையிலும். உடம்பு விழிப்புக்குத் தயாராகும்போது பிரஷர் ஏறுகிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. நான்கு மணிக்கு வலித்தால் வீட்டில் உள்ளவர்களை ஏன் எழுப்ப வேண்டும் என்று படுத்திருப்பவர்கள் ஏராளம். ஆண்கள் பயத்தைக் காட்டக் கூசுகிறார்கள். பெண்கள் காலை வேலை முடியட்டும் என்கிறார்கள்.

3. முதலில் போய் நிற்கும் இடம். மருந்துக்கடை, ஈசிஜி இல்லாத கிளினிக், ஊசி போட்டு அனுப்பும் இடம். கேஸ் ஊசி போட்டதும் வலி குறைந்து, வீடு திரும்பி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருகிறவர்கள் உண்டு.

4. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. இங்கே கேத் லேப் (தமனிக்குள் குழாய் விட்டு அடைப்பைத் திறக்கும் அறை) இல்லை, அங்கே பெட் இல்லை, இன்னொரு இடத்தில் அட்வான்ஸ் கேட்கிறார்கள். காப்பீட்டு அட்டை வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

5. சாலை. கடைசியாகத்தான் இது வருகிறது.

அப்படியானால் எதை அட்டாக் என்று சந்தேகிப்பது? நெஞ்சின் நடுவில் பாரம் அல்லது இறுக்கம். அது தொண்டை, தாடை, தோள், இடது கை, சிலருக்கு இரண்டு கை, முதுகு வரை போகலாம். கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், இனம்புரியாத பயம். ஓய்வெடுத்தும் பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் வாயுவா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டாம். ஃபேன் ஓடும்போதே பனியன் நனையும் அளவுக்கு வியர்த்தால் பதினைந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவோ திடீர் அசதியாகவோ வரலாம். அம்மாப்பேட்டையில் நாள் முழுக்கத் தறி வேலை பார்க்கும் ஐம்பது வயது அம்மா "முதுகு புடிச்சுக்கிச்சு, ஆயாசமா இருக்குது" என்று சொன்னால், தைலம் தேய்ப்பதற்கு முன் சுகர் இருக்கிறதா, வியர்க்கிறதா என்று கேட்பது நல்லது.

ஈசிஜி முதல் பலூன் வரை

சந்தேகம் வந்தால் முதல் வேலை ஈசிஜி. பெரிய ஆஸ்பத்திரி தேடுவது அதற்கு அப்புறம். பத்து நிமிட வேலை. அந்த இளஞ்சிவப்புத் தாளில் ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். துடிப்பின் கூர்முனை ஏறி இறங்கியதும் கோடு அடிமட்டத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஒன்றிரண்டு கட்டம் உயரத்திலேயே நின்று, அடுத்தடுத்த லீடுகளிலும் (இதயத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டும் கோடுகள்) அதே மாதிரி தெரிந்தால், ஒரு தமனி முழுசாக மூடியிருக்கிறது என்று பொருள். பாதி மூடியிருந்தால் கோடு கீழே இறங்கலாம், ஒன்றுமே மாறாமலும் இருக்கலாம். ஆகவே முதல் ஈசிஜி நார்மல் என்பதும் முடிவான தீர்ப்பு அல்ல. வலி தொடர்ந்தால் பதினைந்து முப்பது நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். தசை சேதமான சில மணி நேரத்துக்குப் பிறகே தெளிவாக ஏறும், சீக்கிரம் வந்தவருக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மாத்திரைகள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் அவசரகால மாத்திரைகள் வைக்கப்பட்டன. மொத்தம் 14. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எட்டு. ஒரு கைப்பிடி மாத்திரையை ஒன்றாகக் கொடுக்கிறார்களே என்று பயப்படத் தேவையில்லை, முதல் டோஸ் அவ்வளவு இருக்க வேண்டும். முதல் இரண்டும் கட்டி மேலும் வளராமல் தடுக்கும், மூன்றாவது கிழிந்த படிவை ஆற்றும். மூன்றுமே ஏற்கெனவே இருக்கும் கட்டியைக் கரைக்காது. மாத்திரை போட்டாச்சு, வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்புவது அதனால்தான் ஆபத்து.

தமனியைத் திறப்பதற்கு இரண்டு வழி.

1. கரைக்கும் ஊசி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏறும். டெனெக்டெப்ளேஸ் என்றால் எடைக்கேற்ப ஒரே ஊசி. முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம், பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பொதுவாகப் போடுவதில்லை. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு வரும் அபாயம் உண்டு. அதனால்தான் பக்கவாதம், சமீபத்து ஆபரேஷன், ரத்தப்போக்கு உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2. பலூனும் ஸ்டென்ட்டும். கை அல்லது தொடைத் தமனி வழியாகக் குழாய் விட்டு, அடைப்பைத் திறந்து, வலைக்குழாய் வைப்பது. ஊசியைவிட உறுதியான வழி. ஆனால் கேத் லேப், டாக்டர், டெக்னீஷியன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஈசிஜியில் அட்டாக் என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் நடக்கும் என்றால் மட்டுமே நேரே இதற்குப் போகலாம்.

120 நிமிடத்துக்குள் முடியாது என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். கிடைக்கும் இடத்தில் ஊசி, உடனே வண்டி, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய மையத்தில் ஆஞ்சியோ, அதாவது தமனிகளைப் படமெடுத்து அடைப்பைப் பார்ப்பது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையத்தோடு ஆம்புலன்ஸால் இணைக்கும் இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே 2,420 நோயாளிகளிடம் சோதித்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை, இருப்பதை ஒழுங்காகக் கோத்ததில் வந்த வித்தியாசம்.

ஏற்காட்டுக் கணக்கு

ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டி உள்ளே வர வேண்டும். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். மே மாதக் கோடை விழா கூட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலும் அந்தக் கணக்கு செல்லாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டது. குப்பனூர் வழி இன்னொரு பாதை உண்டு, அது சுற்று. இதெல்லாம் ஏற்காடு டவுனிலிருந்து. நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கம் என்றால் டவுனுக்கு வருவதே தனிப் பயணம்.

இப்போது இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. காலை ஆறு மணிக்கு நெஞ்சு இறுக்குகிறது, ஆறேகாலுக்கு மகனிடம் சொல்லிவிடுகிறார். ஜீப்பில் ஏற்காடு அரசு மருத்துவமனை, ஏழு மணிக்கு ஈசிஜி, அங்கேயே முதல் டோஸ், 108 வண்டி, எட்டரைக்குச் சேலம். வண்டி மலை இறங்கும்போதே ஈசிஜி வாட்ஸ்அப்பில் கீழே போய்ச் சேர்ந்துவிட்டது, டாக்டர் தயாராக இருக்கிறார். இன்னொருவர் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் வெள்ளி வியாபாரி. கூப்பிடு தூரத்தில் இதய ஆஸ்பத்திரிகள். நான்கு மணிக்கு வலி. சோடா, ஜெலுசில். ஏழரைக்குத் தெரிந்த கிளினிக்கில் ஒரு ஊசி. பத்து மணிக்குத் தாங்க முடியாமல் போய் ஈசிஜி. மலைக்காரருக்கு ஈசிஜிக்கு ஒரு மணி நேரம், சேலம் வந்து சேர இரண்டரை. டவுன்காரருக்கு ஈசிஜிக்கே ஆறு. எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தால் மேஸ்திரியின் இதயம்தான் நன்றாக வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு.

மலையில் இருப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில. பக்கத்தில் ஈசிஜி எங்கே இருக்கிறது, இரவில் எடுப்பார்களா, கரைக்கும் ஊசி இருக்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பிரஷர் பார்க்கப் போகும்போது கேட்டால் சொல்லிவிடுவார்கள். மேலேயே ஊசி போட முடியும் என்றால் போட்டுவிட்டு இறங்குவது பெரும்பாலும் சரியான முடிவு. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊசியைத் தள்ளிப்போட்டு, இருபது வளைவுக்கு அந்தப் பக்கம் வரை தசையைச் சாகவிடுவதில் லாபம் இல்லை.

வண்டி விஷயத்தில் ஒரே விதி: வலி வந்தவர் ஓட்டக் கூடாது. மலைப்பாதையில் அவர் மயங்கினால் போவது ஓர் உயிர் மட்டும் அல்ல. 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108-ல் ஏறுவதன் முக்கியப் பயன் வேகம்கூட இல்லை. இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் உள்ளே இருக்கும் வண்டி கிடைப்பதுதான். 108 வரத் தாமதம் என்றால் சொந்தக் காரில் பக்கத்து ஈசிஜி வரை போய், அங்கிருந்து ஆம்புலன்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்.

சேலத்தில் போய்ச் சேருமிடம் என்று பார்த்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேத் லேப் உண்டு. தனியாரிலும் பல இடங்களில் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை வாங்காதவர்கள் கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ள வேண்டும், அதுவும் நல்லா இருக்கும்போதே. ஸ்டென்ட் விலை பற்றிய பயமும் கொஞ்சம் பழையது. லட்சத்தைத் தாண்டி விற்றதற்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு போட்டுவிட்டது.

வாட்ஸ்அப் வைத்தியம்

பலமாக இருமிக்கொண்டே இருந்தால் அட்டாக்கிலிருந்து தப்பலாம் என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. தப்ப முடியாது. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் 108-ஐ அழைக்கலாம். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன் கலவை அடைப்பைக் கரைக்காது. நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பது அதைவிடச் சிக்கலானது. அது நிஜமான மருந்து, பிரஷரைச் சடாரென இறக்கும். சில வகை அட்டாக்கிலும், ஆண்மைக் குறைவு மாத்திரை சமீபத்தில் போட்டவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டர் உங்களுக்கென்று எழுதித் தராவிட்டால் பக்கத்து வீட்டு ஸ்ட்ரிப்பைத் தொட வேண்டாம். ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாதவர், வீட்டில் இருந்தால், 300 மில்லிகிராம் அளவை மென்று விழுங்கலாம். வாய் புளித்துக் கசக்கும், ஆனாலும் மெல்ல வேண்டும், முழுசாக விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும். மாத்திரை தேடி மெடிக்கலுக்கு அலைய வேண்டாம்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்டென்ட் வைத்து மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் அனுப்புவதாலேயே சிலருக்கு இது சின்ன விஷயம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அடைப்பு நீங்கியது ஓர் இடத்தில் மட்டும். படிவுகள் மற்ற தமனிகளிலும் இருக்கின்றன.

எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங் எத்தனை என்று ஓர் எண் இருக்கும். இதய அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது அது. 55-க்கு மேல் இருந்தால் இயல்பு, 40-க்குக் கீழே குறைவு. முதல் எக்கோவில் 38 என்று பார்த்துவிட்டு உடைந்துபோக வேண்டாம். சில பகுதித் தசை சாகாமல் மரத்துப்போய் மட்டும் இருக்கும், சில வாரங்களில் வேலைக்குத் திரும்பும். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோதான் சரியான அளவு.

மாத்திரைகளில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டும் பொதுவாக ஒரு வருடம் சேர்ந்தே போகும், பிறகு ஒன்று ஆயுளுக்கும். பல் பிடுங்குவதற்காகவும் விரதத்துக்காகவும் தாமாக நிறுத்திவிட்டு, ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உறைந்து திரும்பி வருகிறவர்களை டாக்டர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55-க்குக் கீழே இறங்க வேண்டும். லேப் தாளில் நார்மல் அளவு 100 என்று அச்சடித்திருப்பது அட்டாக் வராதவர்களுக்கு. புகையை விட்டவர்களுக்கு இறப்பு அபாயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை அபூர்வம், இதற்குச் செலவும் இல்லை.

மேசை வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பலாம். லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர், பட்டறையில் நாள் முழுக்க வேலை செய்கிறவர் எல்லாம் டாக்டர் சோதித்துச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். தாம்பத்தியம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பயத்தோடு இருக்கிறார்கள். இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடையில்லை. ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நாற்பதுகளில் இருப்பவருக்கு, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, தறிக்கடனோ வீட்டுக்கடனோ ஓடிக்கொண்டிருக்க, அது இன்னும் கனமாக இறங்கும். தூக்கமின்மை, எரிச்சல், ஒவ்வொரு சின்ன வலிக்கும் திடுக்கிடல் ஆகியவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் மருந்து இருக்கிறது. கூடப் பிறந்தவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் கொழுப்பு, சுகர், பிரஷர் பார்த்துக்கொள்வது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அப்புறம், அட்டாக் வந்தவர்கள் ஏற்காடு போகலாமா என்பது சேலத்தில் தவறாமல் வரும் கேள்வி. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும், நிலையாக இருக்கும் இதயத்துக்கு அது பெரிய சுமை இல்லை. தடுமாறவைப்பது டிசம்பர், ஜனவரி அதிகாலைக் குளிரும், பழக்கமில்லாத ஏற்றத்தில் நடப்பதும். முதல் மறுபரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்றால் போய் வரலாம். நடை மதியத்துக்கு மேல், சமதளமாக ஏரியைச் சுற்றி இருக்கட்டும். பையில் மாத்திரை, காப்பீட்டு அட்டை, போனில் கடைசியாக எடுத்த ஈசிஜியின் படம். மேலே ஏதாவது என்றால் அங்கே எடுக்கும் புது ஈசிஜியோடு அதை ஒப்பிட்டுத்தான் எது பழைய தழும்பு, எது புதியது என்று டாக்டர் சொல்ல முடியும்.